இந்திராநகரில் ஜெர்மன் சிரிப்பு

பெங்களூரு இந்திராநகரில், மெட்ரோ ஓடும் சி.எம்.ஹெச். சாலையில் இருக்கிறது ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவன். இந்தியாவுக்கு வராமலே ரிக் வேதத்தைப் பதிப்பித்த அறிஞரின் பெயர். இன்றைய ஜெர்மன் மொழிப் படங்களை ரசிக்க இந்த ஊர் பொருத்தமானது என்பேன். அதற்குச் சான்றாக மரேன் ஆடே இயக்கிய ‘டோனி எர்ட்மான்’ (2016) ஒன்றே போதும். புக்கரெஸ்டில் ஓர் எண்ணெய் நிறுவனத்துக்கு அவுட்சோர்சிங் ஆலோசனை சொல்கிறாள் இனெஸ். ஆட்குறைப்புப் பழியை அவள் ஏற்க வேண்டும், முதலாளி நல்லவராகிவிடுவார். பெங்களூருக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன! அப்பா பொய்ப்பல்லும் விக்கும் மாட்டிக்கொண்டு மகளின் அலுவலக விருந்துகளுக்குள் நுழைகிறார். 162 நிமிடப் படம். ஆடே எங்கும் அவசரப்படுவதில்லை. சங்கடம் சிரிப்பாகும்வரை காட்சியை வெட்டாமல் காத்திருக்கிறார். இனெஸாக வரும் சாண்ட்ரா ஹூல்லர், அப்பாவின் வற்புறுத்தலில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே தொண்டை கிழியப் பாடிவிட்டு, கைதட்டலுக்குக்கூட நிற்காமல் வெளியேறுவார். அந்தக் காட்சியில் ஒப்பாரியும் இல்லை, கட்டித்தழுவலும் இல்லை. நம் படங்களில் அப்பாவும் மகளும் இவ்வளவு குறைவாக அழுது நான் பார்த்ததில்லை.

இதற்கு நேரெதிராக, இல்கர் சட்டாக்கின் ‘ஆசிரியர் அறை’ (2023) பள்ளிக்கூடத் திருட்டு ஒன்றை மூச்சுமுட்டும் வேகத்தில் சொல்கிறது. எனக்கு ஆடேயின் நிதானம்தான் பிடிக்கிறது.