மடுவில் அள்ளிய மணல்

புறநானூறு 243 படித்திருக்கிறீர்களா? தொடித்தலை விழுத்தண்டினார் எழுதியது. தடி ஊன்றி நடக்கும் கிழவர், மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்த தன் சின்ன வயசை நினைத்து ஏங்குகிறார். முதுமைப் புலம்பல் என்பார்கள். எனக்குப் பட்டது வேறு: அந்தப் பையனுக்கு ஆழத்தில் பதற்றமே இல்லை! தண்ணீரோடு பழகியவன்.

நம்ம சம்மர் கோச்சிங்கில் எடுத்த எடுப்பில் ஃப்ரீஸ்டைல், கடைசியில் சர்ட்டிபிகேட். மல்லாந்து மிதக்க, மூச்சைச் சீராக்கச் சொல்லித் தருகிறார்களா, கேளுங்கள். கை கால் ஓய்ந்தால் அதுதான் சார் கைகொடுக்கும்.

அதற்காகப் பிள்ளையை ஆற்றில் குதிக்க விடாதீர்கள். மணல் அள்ளிய குழியில் அடி எங்கே என்று அந்தக் கிழவருக்கே தெரியாது. பாட்டில் கரையில் நிற்பவர்கள் மலைத்துப் பார்க்கிறார்கள். நிஜத்தில் மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சு விடவே வாய் போதாது. செல்போனை உள்ளே வையுங்கள்.