பொம்மைத் தறியில் ஒரு குறை

சென்ற நவராத்திரியில் அண்டை வீட்டு அம்மையார் நம் இல்லத்துப் பிள்ளைகளைக் கொலுக் காண அழைத்திருந்தார்கள். உடன்சென்ற நாமும் சற்று நின்று பார்த்தோம். காஞ்சிபுரத்திற் குடியிருப்போர்க்கு இது புதுமையன்று. பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் அச்சிலிட்டு, உலர்த்தி, வண்ணந்தீட்டப்பெறும் பொம்மைகள் வெளியூர்களுக்கும் செல்கின்றன. தனிப் பொம்மைகளோடு 'செட்' என வழங்கும் தொகுதிகளும் அங்குண்டு: கல்யாண ஊர்வலம், காய்கறிக் கடை, கிரிக்கெட் ஆட்டம். நம் கண்ணை நிறுத்தியது நெசவுத் தொகுதி.

இத்தகைய காட்சியமைப்பை மேனாட்டார் 'டயோரமா' என்பர். 1822இல் பாரிசில் டகேர், பூட்டோன் என்னும் இருவர் தொடங்கிய டயோரமாவில் பொம்மைக்கு வேலையில்லை. பெருந்திரையில் ஓவியந்தீட்டி, அதன் முன்னும் பின்னும் ஒளியை மாற்றிப் பகலை இரவாக்கிக் காட்டினர். 1839இல் அக்கட்டடம் தீக்கிரையாயிற்று, பெயர் பிழைத்தது. பின்னர் அருங்காட்சியகத்தார் அப்பெயரை எடுத்துக்கொண்டு, பாடஞ்செய்த விலங்கை முன்னும் வளைந்த சுவரோவியத்தைப் பின்னும் அமைத்து, மண் முடிந்து ஓவியம் தொடங்கும் இடம் புலப்படாதவாறு செய்தனர். நியூயார்க்கில் 1936இல் திறக்கப்பெற்ற ஏக்லி மண்டபம் இக்கலையின் உச்சம் எனலாம்.

நம் வீடுகளுக்கு அருகிலேயே இக்கலை உண்டு என்பதை நாம் கவனிப்பதில்லை. கொலுப்படியின் பக்கத்தில் பிள்ளைகள் அமைக்கும் 'பார்க்' அதுவே. மணலைப் பரப்பி, கேழ்வரகைத் தூவி முளைக்கவிட்டு வயலாக்குகின்றனர். முகம்பார்க்கும் கண்ணாடியைக் கிடத்தி, விளிம்பை மணலால் மூடிக் குளமாக்குகின்றனர். விளிம்பு தெரிந்தால் அது கண்ணாடி. மறைந்தால் அது நீர். ஏக்லி மண்டபத்தார் பெரும்பொருள் செலவிட்டுச் செய்ததும் இவ்விளிம்பை மறைக்கும் வேலைதானே! அம்மையாரின் பேத்தி அமைத்திருந்த குளக்கரையில் ஒரு வாத்து நீரைப் பாராமல் பின்னே திரும்பி நின்றது. கடையில் வாங்கிய எந்தத் தொகுதியிலும் அத்துணை உயிர்ப்பை நாம் காணவில்லை.

இனி நெசவுத் தொகுதிக்கு வருவோம். குழித்தறியும் பாவும் செம்மையாகவே இருந்தன. நெய்பவர் குழியிற் காலை இறக்கிக் குனிந்திருந்த பாங்கும் பழுதன்று. தறியிலிருந்த சேலைக்குச் சிவப்பு உடலும் பச்சைக் கரையும் தீட்டியிருந்தனர். குறை அங்கேதான். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக ஊடையைக் கோத்து நெய்வது கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியருகே அமர்ந்து ஒரு பக்கத்து நாடாவை வாங்கிச் செலுத்த இன்னோர் ஆள் வேண்டும். பொம்மைத் தறியிலோ ஒருவரே இருந்தார். ஒரே நிறமாகத் தீட்டியிருந்தால் நாம் வாய் திறந்திரோம்.

விளையாட்டுப் பொருளில் இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா என்று வாசகர் வினவக்கூடும். உருவங்கள் பற்றிய மார்க்கச் சட்டத்தை விரித்துரைப்பது இங்கு நம் நோக்கமன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளிடையே துணியாற் சிறகு வைத்த குதிரை இருந்ததையும், சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகிருந்ததே என அவர்கள் விடை பகர்ந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூத் நூலிற் காண்கிறோம். விளையாட்டுக் குதிரைக்குச் சிறகு முளைக்கலாம். ஆனால், 'எங்கள் ஊரில் பட்டு நெய்வது இவ்வாறு' என்று காட்டும் தொகுதி விளையாட்டோடு நிற்பதில்லை. அது சாட்சி சொல்கிறது. அரபியில் 'ஷாஹித்' என்னும் சொல்லுக்குச் சாட்சி என்பதோடு நேரில் இருந்தவர் என்றும் பொருளுண்டு. பொம்மை செய்பவரும் பிள்ளையார்பாளையத்து நெசவாளரும் ஒரே ஊரார். நேரிற் காணவில்லை என்று சொல்ல இடமில்லை.

விடுபட்ட அவ்விடம் யாருடையது என்பதை நாம் அறிவோம். நாம் ஆசிரியப் பணியிற் சேர்ந்த 1990களில், பட்டியலிற் பெயரிருந்தும் வகுப்பில் ஆளில்லாத பிள்ளைகள் இருந்தனர். விசாரித்தால் "தறிக்குப் போய்விட்டான்" என்பார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அமர்ந்தவர் பலர். பட்டுத்தொழிலிற் கொத்தடிமைப்பட்ட சிறுவரைப் பற்றி 2003இல் வெளியான மனித உரிமை அறிக்கையொன்றில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. இன்று அவ்விடத்தில் மனைவியோ வேறு பெரியவரோ அமர்வதைக் காண்கிறோம். அன்றைய காட்சியாயின் சிறுவனை வைக்கட்டும்; இன்றைய காட்சியாயின் அப்பெண்ணை வைக்கட்டும். வெற்றிடம் மட்டும் இரண்டு காலத்துக்கும் பொய்.

நாம் இதைச் சொன்னபோது அம்மையார், தம் தமையனார் அவ்விடத்தில் எட்டாண்டுகள் அமர்ந்தவர் என்று மட்டும் சொல்லிச் சுண்டல் எடுத்துவர உள்ளே சென்றார்கள். கிரிக்கெட் தொகுதியில் பந்து பிடிக்கும் சிறுவனுக்கு அச்சு இருக்கிறது. அவனை உட்கார்த்தி, கையில் நாடாவைக் கொடுக்க, இன்னோர் அச்சு வேண்டும்.