விழுவது வேறு, பாய்வது வேறு

போன மாதம் எங்க டேபிளில் ஆட்டம் அரை மணி நேரம் நின்னுபோச்சு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, நான்தான் டிஎம். மாடத்தில் ஒளிந்திருந்த ரோக், 20 அடி கீழே நிற்கிற காவலாளி மேல குதிக்கணும்னு சொன்னார். 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைப் புரட்டினால் விழுகிறவருக்கு என்ன ஆகும் என்பது மட்டும்தான் இருக்கிறது. 10 அடிக்கு ஒரு டி6 சேதம், உச்சம் 20டி6, அடிபட்டால் தரையில் கிடக்க வேண்டியதுதான். கீழே நிற்பவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த ஓட்டையை அடைக்க 2020இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் ஒரு விதி தந்தது. கீழே இருப்பவர் டிசி 15 டெக்ஸ்டரிட்டி சேவ் போட வேண்டும். தோற்றால் விழுந்த சேதம் இருவருக்கும் சரிபாதி. அவரும் கீழே சாய்வார், இரண்டு சைஸ் பெரியவராக இருந்தால் ஒழிய.

பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இது தவறி விழுகிறவனுக்கு எழுதின விதி. குறி பார்த்துக் குதிக்கிற மங்க்குக்கும் கூரையிலிருந்து வழுக்கின குடிகாரனுக்கும் அதே 15. ஹாஃப்லிங் விழுந்தாலும் ஓகர் விழுந்தாலும் 30 அடிக்கு 3டி6தான். எங்க ரோக் கணக்கைப் பாருங்க: 2டி6 சராசரி 7, எதிராளிக்குப் போவது அதில் பாதி. அவன் விலகிட்டா ஏழும் நமக்கே. இதுக்கு ஒரு ஷார்ட்ஸ்வோர்ட் குத்து எவ்வளவோ மேல். அதே விதியில், 200 அடியிலிருந்து விழுகிற உயர் லெவல் பார்பேரியன் தன் பங்கு 35ஐ வாங்கிக்கொண்டு, தூசி தட்டிவிட்டு எழுந்துவிடுவார். விழுவதற்கு ஆக்‌ஷன் கேட்கவில்லை என்பதால், எழுந்து கோடாலியும் வீசலாம்!

வேடிக்கை என்னன்னா, நல்ல விடை 2014 மான்ஸ்டர் மேனுவலிலேயே கிடக்கிறது. பியர்சர் என்று ஒரு பிராணி, குகைக் கூரையில் தொங்கும் கல் மாதிரியே இருக்கும். அது கீழே விழுவது ஒரு அட்டாக் ரோல். பட்டால் 10 அடிக்கு 1டி6, உச்சம் 6டி6. தவறினால் வழக்கமான விழும் சேதத்தில் பாதி பியர்சருக்கு. புலெட்டின் பாய்ச்சலும் அப்படித்தான், அதோட டிசி 16 அதற்கே உரியது. அசுரப் பிராணிக்குக் கொடுத்த மரியாதையை ஆட்டக்காரருக்கு ஏன் கொடுக்கவில்லை?

அன்றைக்கு நேரமில்லாமல் டாஷா விதிப்படியே ஓட்டினேன். காவலாளி சேவில் 17. ரோக் 9 சேதம் வாங்கிக் குப்புறக் கிடந்தார். அதற்குப் பிறகு மூணு செஷனா மாடிப் பக்கமே அவர் போகலை. எனக்குச் சங்கடமாப் போச்சு.

இப்போது எங்க டேபிளில் குதிப்பது ஒரு ஆக்‌ஷன். அத்லெடிக்ஸ் அல்லது அக்ரோபேட்டிக்ஸ் போட்டு எதிராளியின் ஏசியைத் தாண்டணும். தாண்டினால் முழுச் சேதம் அவனுக்கு, பாதி குதித்தவருக்கு. தவறினால் முழுசும் குதித்தவருக்கே. உச்சம், பியர்சர் மாதிரி 6டி6. ஓகர் எடைக்கு மட்டும் இன்னும் வழி பிடிபடலை. சைஸுக்கு ஒரு டி6 கூட்டிப் பார்க்கிறேன், கொஞ்சம் அதிகமாத்தான் தெரியுது.