கதவு தட்டியவர்கள் எங்கே?

நான் கோப்பை கழுவுகிற குசினியில் இருந்து பார்த்தால், உணவகத்தில் வேலை செய்த பெண்ணொருத்தி காங்கிரசுக்குப் போவது நம்பமுடியாத கதைதான். றேச்சல் லியர்ஸ் இயக்கிய ‘நொக் டவுன் த ஹவுஸ்’ (2019) ஆவணப்படம் அந்தக் கதையைச் சொல்கிறது. நியூயோர்க்கில் மதுச்சாலைப் பணியாளராக இருந்த அலெக்ஸாண்ட்ரியா ஒக்காசியோ-கோர்ட்டெஸ், 2018 ஜூனில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், பத்துத் தவணை உறுப்பினரான ஜோ குரோலியைத் தோற்கடிக்கிறார். அவர் வேலை செய்யும் காட்சிகளில் எனக்கும் தோள் வலித்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். படம் முகத்தைப் பார்த்த அளவுக்கு அமைப்பைப் பார்க்கவில்லை. அவர் உறுப்பினராக இருந்த அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பு 1982இல் உருவானது. அது தனிக் கட்சியல்ல. அதன் ஆட்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் வாசலால்தான் உள்ளே போகிறார்கள். அன்று வாக்களித்தவர்கள் 30,000 பேர் வரையில்தான். இவ்வளவு சிறிய தேர்தலைத் தீர்மானிப்பது மாடிப்படி ஏறிக் கதவு தட்டியவர்களின் கால்கள்.

படம் பின்தொடரும் நால்வரில் மற்ற மூவரும் அந்த வருடம் தோற்றார்கள். அவர்களில் கோரி புஷ் 2020இல் வென்றார், 2024இல் மறுபடி தோற்றார். 2025இல் அதே அமைப்பின் ஸோஹ்ரான் மம்தானி நியூயோர்க் மேயராகத் தெரிவானார். ஒரு நட்சத்திரத்தின் கதையை வைத்து இந்த ஏற்ற இறக்கங்களை விளங்கிக்கொள்ள முடியாது.

எங்கள் குசினியில் ஒருவருக்கும் வாக்குரிமை இல்லை. ஆனால் வாக்கில்லாதவனும் கதவு தட்டலாம். படம் அவர்களைக் காட்டியிருந்தால், எங்களுக்கும் அதில் ஓரிடம் இருந்திருக்கும்.