‘இகிரு’: உறவும் உழைப்பும்

யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவாவின் ‘இகிரு’ (1952) திரைப்படத்தை, சாவை எதிர்நோக்கும் ஒருவரின் சோகக் கதையெனக் கூறி அமைவோர் உளர். அக்கூற்று அதன் முற்பகுதிக்கே பொருந்தும்.

ரோக்கியோ மாநகர அலுவலகத்தில் முப்பதாண்டுகள் கோவைகளுக்கு முத்திரை குத்திய வட்டனாபே, தமக்கு வயிற்றிற் புற்றுநோய் என்றறிந்ததும் மகனின் அன்பை நாடுகிறார், அது கிட்டவில்லை. இரவுக் கேளிக்கைகளும் கைகொடுக்கவில்லை. முன்னர் அவர்கீழ்ப் பணியாற்றிய தோயோ என்னும் இளம்பெண்ணிடமே உயிர்ப்பைக் காண்கிறார். அவள் உபதேசம் எதுவும் செய்வதில்லை. தொழிற்சாலையில் தான் செய்யும் பொம்மை முயலைக் காட்டி, நாட்டின் குழந்தைகளெல்லாம் தனக்கு நண்பரானதுபோல் உணர்வதாகச் சொல்கிறாள், அவ்வளவே. முகமறியாப் பிள்ளைகளோடு உழைப்பின் வழியே கொள்ளும் உறவு இது. கழிவுநீர் தேங்கிய நிலத்தைச் சிறுவர் பூங்காவாக்கக் கோரிப் பெண்கள் கொடுத்து, பிரிவுதோறும் அலைக்கழிந்த மனுவை வட்டனாபே மீண்டும் கையிலெடுப்பது இதன் பின்னரே.

அவ்வேளையில் நாயகரைச் சாகவிட்டு, அவரது முயற்சியைச் சாவீட்டில் மதுவருந்தும் உத்தியோகத்தரின் வாய்மொழியாகக் கட்டமைத்தமை பெருந்துணிபு. பூங்காவின் புகழைப் பிரதி மேயர் தமதாக்கிக்கொள்ள, அப்பெண்கள் வந்து அழுகின்றனர். போதையிற் செய்த சபதங்கள் அலுவலகம் திரும்பியதும் மறக்கப்படுகின்றன.

தொடக்கத்தில் ஒலிக்கும் உரைஞரின் குரல், பார்வையாளர் தாமே உணரவேண்டியதை முந்திக் கூறிவிடுவது குறையே. எனினும் மகன் தொடர்பில் குரோசாவா எச்சமரசமும் செய்யவில்லை. தந்தை நோயைத் தன்னிடம் மறைத்தாரே என மகன் வருந்துகிறான். இழந்த அவ்வுறவைப் பூங்கா ஈடுசெய்துவிட்டதாகப் படத்தின் எக்காட்சியும் கூறவில்லை.