சாஷ்டித் தீவின் சிறுத்தைகள்: ஆய்வு எதைச் சாதித்தது, எதை விட்டுவைத்தது?

மும்பையின் முலுண்ட் மேற்கில் யோகி ஹில்ஸ் பக்கம் அடுக்குமாடிகள் முடிகிற இடத்தில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு தொடங்கிவிடுகிறது. பரப்பு ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர். காட்டைச் சுமக்கும் சாஷ்டி நிலப்பகுதி புவியியல்படி ஒரு தீவு. கிழக்கே தாணே கழிமுகம், வடக்கே வசாய் கழிமுகம், மேற்கே அரபிக்கடல். தண்ணீர் வளைத்த தீவுக்குள் கட்டடங்கள் வளைத்த இன்னொரு தீவாக இந்தக் காடு இருக்கிறது. தீவு உயிரினங்களைக் காப்பது என்றதும் நிக்கோபாரும் நார்கொண்டமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. முலுண்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பிரச்சினை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. இங்கே வாழும் சிறுத்தை, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம்பெற்ற விலங்கு.

இந்தச் சிறுத்தைகளைப் பற்றி 1990-களிலிருந்து நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றை மூன்று கேள்விகளால் அளக்கலாம். அளந்து கண்டதையும் அனுமானித்ததையும் ஆய்வு பிரித்துக் காட்டுகிறதா? களத்தில் நடப்பதை மாற்றியதா? இன்றைய எண்ணிக்கையைத் தாண்டி, இந்தக் கூட்டத்தின் எதிர்காலத்தைப் பார்க்கிறதா?

முதலில் பெரிய சாதனை. 2002 முதல் 2004 வரை பூங்காவைச் சுற்றிச் சிறுத்தைத் தாக்குதல்கள் பெருகி, பலர் உயிரிழந்தார்கள். "கூண்டு வை, பிடி, தூரத்தில் கொண்டுபோய் விடு" என்பதே அன்று எல்லோர் வாயிலும் இருந்த தீர்வு. அதைக் கேள்விக்குள்ளாக்கியது வித்யா ஆத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் ஜுன்னர் பகுதியில் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு. பிடிபட்ட சிறுத்தைகளில் 29-ஐ வனத்துறை சராசரியாக 39.5 கிலோமீட்டர் தள்ளிக் காடுகளில் விட்டிருந்தது. அப்படி விடத் தொடங்கிய பிறகு, ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த தாக்குதல் 17 ஆக உயர்ந்தது. ஊருக்கு நன்மை என்று நம்பிச் செய்த காரியம், வேறு ஊருக்கு ஆபத்தாக முடிந்ததற்கான வலுவான அறிகுறி இது.

குறையும் உண்டு. இது முன்–பின் ஒப்பீடு மட்டுமே. சிறுத்தைகளை விடாத, மற்ற எல்லா வகையிலும் ஒத்த ஒரு பகுதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. ஆய்வாளர்களும் இடமாற்றம் தாக்குதலைத் தூண்டியிருக்கலாம் என்றுதான் எழுதினார்கள். அறுதியிட்டுச் சொல்லவில்லை. அந்த நிதானமே ஆய்வின் தரத்துக்குச் சான்று. அறிவும் களமும் சேர்ந்தது 2011-இல். அன்றைய பூங்கா இயக்குநர் சுனில் லிமயேயுடன் ஆத்ரேயா தொடங்கிய 'மும்பைக்கர்ஸ் ஃபார் எஸ்ஜிஎன்பி' (எஸ்ஜிஎன்பி என்பது பூங்காவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) திட்டம், குப்பையை அகற்றுவது, சிறுத்தை புகுந்த இடத்தில் போலீசார் கூட்டத்தை விலக்குவது, பத்திரிகைகள் பீதி கிளப்பாமல் எழுதுவது என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தது. 2018 ஜனவரியில் முலுண்ட் கிழக்கில் நானேபாடா குடியிருப்புக்குள் ஒரு சிறுத்தை புகுந்து ஆறு பேரைக் காயப்படுத்தியது. வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது, சிறுத்தையை யாரும் அடித்துக் கொல்லவில்லை. முதல் இரண்டு அளவுகோல்களிலும் இந்த ஆய்வு தேறுகிறது.

அடுத்தது எண்ணிக்கை. ஒவ்வொரு சிறுத்தைக்கும் உடற்புள்ளிகள் தனி. இரு பக்கமும் படம் விழும்படி கேமராக்களை இணை இணையாகக் கட்டி, எது மறுபடி வந்தது, எது புதிது என்று பிரித்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். ஆய்வாளர் நிகித் சுர்வேயின் இந்தப் பணியில் 2015-இல் 35 சிறுத்தைகளும், 2018-இல் 47 சிறுத்தைகளும் பதிவாயின. அதில் மதிப்பிட்ட, 100 சதுர கிலோமீட்டருக்கு 26 என்ற அடர்த்தி, உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. முறை உறுதியானது. ஆனால் அந்த 26-இல் ஏறத்தாழ ஐந்தைக் கூட்டவும் கழிக்கவும் இடமுண்டு என்று ஆய்வே சொல்கிறது. செய்தித்தாளில் அந்த ஐந்து காணாமல் போய்விடுகிறது. 35-லிருந்து 47 என்றதும் "சிறுத்தை பெருகிவிட்டது" என்று ஒரு தரப்பு மகிழ்கிறது, இன்னொரு தரப்பு அஞ்சுகிறது. எவ்வளவு பரப்பில், எத்தனை கேமராக்கள், எத்தனை இரவுகள் என்று கேட்காமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுவது சரியல்ல. இங்கே பிழை ஆய்வாளருடையது அல்ல, படிக்கிற நம்முடையது.

மூன்றாவது, நாய்க் கணக்கு. இதை நான் கடுமையாகவே எடைபோடுகிறேன். 2018-இல் வந்த ஒரு கட்டுரை, பூங்காவின் சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 தெருநாய்களைத் தின்பதால் நாய்க்கடிகள் குறைகின்றன, ஆண்டுக்கு 90 மனித உயிர்கள் வரை காக்கப்படலாம் என்று மதிப்பிட்டது. குறிப்பிட்ட சில அனுமானங்களின் கீழ், அதிகபட்சமாக என்ற நிபந்தனையைக் கட்டுரையாளர்களே சேர்த்திருந்தார்கள். ஊடகங்களில் அது "சிறுத்தைகள் 90 உயிர்களைக் காக்கின்றன" என்று நிலைத்துவிட்டது.

கணக்கின் ஒவ்வொரு படியையும் பார்க்கலாம். ஒரு சிறுத்தையின் உணவில் நாய் எத்தனை பங்கு, அந்த நாய்களில் எத்தனை கடிக்கும், கடித்தவற்றில் எத்தனைக்கு வெறிநோய், கடிபட்டவர்களில் எத்தனை பேர் தடுப்பூசி போடாமல் இருப்பார்கள் என்று ஒரு மதிப்பீட்டின் மேல் இன்னொன்று ஏறிக்கொண்டே போகிறது. அடிப்படி சற்று நகர்ந்தாலும் உச்சியில் உள்ள எண் வெகுதூரம் நகரும். தின்ற நாயின் இடத்தை, குப்பை கிடக்கும் வரை, அடுத்த நாய் நிரப்பிவிடும். சிறுத்தை வாழ வேண்டும் என்பதற்கு இவ்வளவு தளர்ந்த எண்ணை முட்டாகக் கொடுக்கக் கூடாது. நாளை யாராவது அந்த எண்ணை உடைத்தால், அதன் மேல் கட்டிய பரிவும் சேர்ந்து உடையும்.

நாய்க்கு வேறொரு பக்கமும் இருக்கிறது. அது நம்மை மூன்றாவது அளவுகோலுக்குக் கொண்டுபோகிறது. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்றொரு தீவு. அங்குள்ள ஓநாய்களை 1958 முதல் தொடர்ந்து ஆராய்கிறார்கள். 1980-இல் 50 ஓநாய்கள். நாய்களிடமிருந்து வந்த பார்வோ வைரஸ் தீவுக்குள் நுழைய, 1982-இல் 14 ஆகச் சரிந்தன. 1997-இல் உறைந்த ஏரி வழியாக ஒரே ஓர் ஆண் ஓநாய் வந்து சேர்ந்தது. அதன் புதிய மரபணு கூட்டத்துக்குச் சில காலம் தெம்பு தந்தது. பிறகு உறவுக்குள் இனப்பெருக்கம் முற்றி, 2018-இல் எஞ்சியவை இரண்டே. நம் நாட்டிலும் கிர் காட்டில் 2018-இல் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தன. பலவற்றில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் உறுதிசெய்யப்பட்டது.

இந்தப் பாடங்களை முலுண்டின் காட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் நிம்மதி குறைகிறது. சுமார் ஐம்பது விலங்குகள், நெருக்கமாக, நாயைத் தின்று வாழ்கின்றன. நோய் பரவ இதைவிட வாய்ப்பான சூழல் வேண்டியதில்லை. "எண்ணிக்கை ஏறுகிறதே, கவலை எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஐல் ராயலின் 1980-ஆம் ஆண்டே பதில். அதுதான் அங்கே உச்சமும்.

"ஓநாய் போலச் சிறுத்தை சிக்கிக்கொள்ளாது, நீந்தும், நடக்கும்" என்ற மறுப்பு வலுவானது. 2009-இல் கழுத்துப்பட்டை மாட்டி மால்ஷேஜ் கணவாய் அருகே விடப்பட்ட 'ஆஜோபா' என்ற சிறுத்தை, நெடுஞ்சாலைகளையும் ரயில் பாதையையும் தாண்டி ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நடந்து மும்பையின் விளிம்பை எட்டியது. தீவுக்கு வழி இருக்கிறது என்பதற்கு அது சான்று. அதே ஆஜோபா 2011-இல் மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையில் வண்டி மோதிச் செத்தது. வழி அடைபட்டு வருகிறது என்பதற்கும் அதுவே சான்று.

வசாய் கழிமுகத்துக்கு அப்பால் துங்காரேஷ்வர் சரணாலயம், 2003-இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 85 சதுர கிலோமீட்டர். அங்கே சுர்வே குழு கண்ட அடர்த்தி 100 சதுர கிலோமீட்டருக்கு 5 அளவில்தான். இந்தப் பக்கம் 26, அந்தப் பக்கம் 5. எல்லா ஆய்வு முடிவுகளிலும் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். பூங்கா நிரம்பி வழிகிறது, வழிந்து போக வேண்டிய காடு பசித்துக் கிடக்கிறது, நடுவே சாலைகளும் ரயில் பாதையும் குறுக்கிடுகின்றன. நாம் இங்கே கோரேகாவ்–முலுண்ட் இணைப்புச் சாலையின் சுரங்கத்தைப் பற்றியே பேசுகிறோம். அந்த விவாதம் தேவை. காட்டை மேலே வெட்டிப் போகும் சாலையைவிட அடியில் போகும் சுரங்கம் மேல். ஆனால் இந்தத் தீவின் வாசல் வடக்கே, கோட்பந்தர் சாலைக்கும் வசாய்க்கும் இடையில் இருக்கிறது. அங்கே விரியும் ஒவ்வொரு சாலையும் அந்த வாசலை ஒரு சாண் குறுக்குகிறது.

என் தீர்ப்பு இது. மனிதரும் சிறுத்தையும் மோதாமல் வாழ வழி சொன்ன அறிவியல் என்ற வகையில், மும்பையின் சிறுத்தை ஆய்வு இந்தியாவின் மிகச் சிறந்த சூழலியல் பணிகளில் ஒன்று. கூண்டே தீர்வு என்ற நம்பிக்கையை அசைத்ததற்காக மட்டுமே அதற்கு நன்றி சொல்லலாம். எண்ணும் பணி நம்பகமானது, அதன் பிழை எல்லையோடு சேர்த்துச் சொல்லும் வரை. நாய்க் கணக்கை வாதத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரு தீவுக் கூட்டத்தைக் காக்கும் அறிவியல் என்ற வகையில் பணி பாதியில் நிற்கிறது. எண்ணிக்கை அறிக்கையோடு மரபணுப் பன்மை, நோய் எதிர்ப்பு நிலை, கழிமுகத்தைக் கடந்த விலங்குகள், சாலையில் செத்தவை ஆகிய நான்கையும் வனத்துறை ஒவ்வொரு முறையும் வெளியிட வேண்டும். பூங்காவைச் சுற்றியுள்ள வார்டுகளில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசியோடு டிஸ்டெம்பர் தடுப்பூசியையும் மாநகராட்சி போட வேண்டும். அடுத்த முறை "பூங்காவில் எத்தனை சிறுத்தை?" என்று செய்தி வரும்போது, முலுண்டிலும் தாணேயிலும் வசிக்கும் நாம் கேட்க வேண்டியது: அவற்றில் எத்தனை வெளியே போக முடிந்தது, எத்தனை உள்ளே வந்தன?