ஃபுட்டுரா பிளாக்: பிளவுபட்ட எழுத்தின் பலமும் குறையும்

ஸ்டென்சில் தகட்டில் ‘O’ என்ற எழுத்தை வெட்டினால் நடு வட்டம் கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்த வெட்டாமல் விடும் குறுகிய பட்டைதான் பாலம். சரக்குப் பெட்டிகளில் வண்ணம் பூசிய எழுத்துகள் துண்டுதுண்டாக நிற்பது இதனால்தான். அழகு பார்த்துச் செய்ததல்ல.

1929இல் ஜெர்மனியின் பாவர் எழுத்து வார்ப்பகம் வெளியிட்ட, பால் ரென்னர் வடிவமைத்த ஃபுட்டுரா பிளாக் எழுத்துருவில் இந்தத் தேவையே கிடையாது. உலோகத்தில் வார்த்த எழுத்தில் எதுவும் கழன்று விழாது. பிளவு மட்டும் இருக்கிறது. வெறும் பாவனை என்று இதை ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்க மாட்டேன். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் டெசாவ் நகரின் பவுஹவுஸ் கலைப்பள்ளியில் யோசெஃப் ஆல்பர்ஸ் சதுரம், முக்கோணம், கால்வட்டம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வடிவங்களைக் கொண்டே ஸ்டென்சில் எழுத்துகளைக் கட்டினார். எழுத்தைக் கோடாகக் காணாமல் கனமான வடிவங்களின் அடுக்காகக் காணும் பார்வை அது. ரென்னரின் பிளவுக்கும் அந்தப் பார்வைதான் நியாயம் தருகிறது. 1927இல் வந்த ஃபுட்டுராவைத் தடிப்பாக்கியதல்ல ஃபுட்டுரா பிளாக். பெயர்தான் ஒன்று, கட்டுமானம் வேறு.

அதன் ‘O’வையே பாருங்கள். உள்ளே வட்டமான வெள்ளை இல்லை. முதுகு வெளியே வளைந்த இரண்டு கரிய அரைவட்டங்கள், நடுவில் செங்குத்தாக ஒரு கீற்று. அவ்வளவு கருமையையும் மூச்சுவிட வைப்பது அந்தக் கீற்றுதான். சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கினால் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தும் ஒளிக்கோடாகத் தெரியும். பிளவு இல்லாமல் இவ்வளவு தடிப்பை வைத்திருந்தால் மைக்கறைதான் மிஞ்சியிருக்கும்.

குறையும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. எழுத்துக்குள் இருக்கும் பிளவும் எழுத்துகளுக்கு இடையே விடும் வெளியும் ஒரே அகலமானால், எந்த அரைவட்டம் யாருடைய பாதி என்று கண் தடுமாறும். இரண்டு ‘O’ சேர்ந்து வந்தால் நான்கு துண்டுகளின் வரிசைதான் தெரியும். c, e, o மூன்றையும் நாம் பிரித்தறிவதே பெரிதும் உள்வெளியை வைத்துத்தான். அதைக் கீற்றாகச் சுருக்கியபின் முழுச்சொல்லின் உருவத்தைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது. சிறிய அளவில் அச்சடித்தால் மை பரவிப் பிளவு அடைபடும். திரையிலோ கீற்று மங்கி மறையும்.

இந்த எழுத்துருவைப் பத்திகளுக்குப் போட்டால் பழி போட்டவரையே சேரும். காட்சிக்கென்று செய்த எழுத்து இது. ஆனால் இடைவெளிச் சிக்கலை அப்படித் தள்ளிவிட முடியாது. அது வடிவமைப்பிலேயே ஊறியது, பெரிய தலைப்பிலும் கூடவே வரும். ஆகவே இதை எடுப்பவர்கள் இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்திக்கொண்டு, எழுத்திடைவெளியைப் பிளவைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி அகலமாக்கிக் கையால் சரிசெய்தே தீர வேண்டும்.